மணமகள் அறையில் இரண்டு மணி நேரம்

என் மகள் கல்யாணங்களுக்குப் படம் எடுப்பவள். போன மாதம் ஒரு திங்கட்கிழமை, திருப்பதியில் வேலையை முடித்துவிட்டு ஸ்கூட்டரில் புத்தூருக்கு வந்துகொண்டிருந்தவள், ரேணிகுண்டா தாண்டியதும் தூங்கிவிட்டாள். நல்ல பகல். வண்டி சாலையை விட்டு இறங்கி வேலிக்காத்தான் புதரில் சிக்கி நின்றது. மணிக்கட்டில் சுளுக்கு, கையெல்லாம் முள் கீறல். கேமராவுக்கு ஒன்றும் ஆகவில்லை என்றுதான் போனில் முதலில் சொன்னாள்.

"தூங்கல நைனா. கண்ண மூடித் தொறந்தேன், அவ்ளோதான்" என்றாள் வீட்டுக்கு வந்ததும். அன்றிலிருந்து எந்த ஸ்கூட்டர் சத்தம் கேட்டாலும் எழுந்து வாசலுக்குப் போகிறேன்.

எனக்கு மண் பரிசோதனைக் கூடத்தில் வேலை. ஒன்று ஏன் இப்படி ஆனது என்று தெரியாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. கேமராவைப் பிடித்து அமுக்குவதில் ஒருத்தி சாலையில் தூங்கும் அளவுக்கு என்ன களைப்பு இருக்க முடியும்? அடுத்த கல்யாணம் முடிந்து அவள் பஸ்ஸில் வந்து இறங்கிய நாள், லீவு போட்டுவிட்டு அவளைக் கவனித்தேன்.

வந்ததும் படுக்கவில்லை. கேமராவில் இருந்த கார்டுகளை எடுத்து இரண்டு ஹார்டு டிஸ்க்கில் ஏற்றினாள். அது முடியும்வரை கண்ணாடி போடாத கிழவியைப் போலக் கண்ணை இடுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஜன்னலைச் சாத்தச் சொன்னாள். டிவியில் யாரோ சிரித்தார்கள், அதையும் நிறுத்தச் சொன்னாள். இரண்டு நாளாகச் சிரித்த முகங்களையே பார்த்தவளுக்கு இன்னொரு முகம் தாங்கவில்லை போலிருக்கிறது. பிறகு தரையில் மல்லாந்து, இரண்டு காலையும் சுவரில் தூக்கி வைத்துக்கொண்டாள்.

"காலுக்கு இன்னா?"

"பின்னாடியே நடக்கறேன் இல்ல. பொண்ணும் மாப்பிளையும் முன்னாடி வருவாங்க, நான் அவங்களப் பார்த்துக்கினே பின்னாலயே போவணும். ரெண்டு நாளும் அதான்."

இது எனக்குத் தோன்றவே இல்லை. சாயங்காலம் எங்கள் தெருவில் விளக்குக் கம்பம் வரை பின்பக்கமாக நடந்து பார்த்தேன். என் மனைவி வாசலில் நின்று, "பொண்ணுக்குத்தான் தூக்கம் கெட்டுதுன்னு பார்த்தா, ஒனக்குப் புத்தியும் கெட்டுதா?" என்றாள். மறுநாள் கெண்டைக்கால் இரண்டும் கல்லாக இருந்தன.

ஆனால் அதோடு என் கேள்வி தீரவில்லை. கூட வேலை செய்யும் ஆண்களும் பின்னாலேயேதான் நடக்கிறார்கள். அவர்கள் எப்படி வண்டி ஓட்டுகிறார்கள்?

"அவங்க தூங்கிட்டுத்தான் கெளம்புவாங்க நைனா. பந்தி முடிஞ்சதும் மேடையிலயே ஜமுக்காளம் விரிச்சி, பைய தலைக்கு வெச்சிக்கினு மூணு மணி வரைக்கும் கொறட்டைதான்."

"நீ?"

"நான் எங்க படுக்கறது? சமையல்காரங்க, சேர் அடுக்கறவங்க, எல்லாம் ஆம்பளைங்க. நாலு வருஷமா நேரா வண்டிய எடுத்துக்கினு வந்துடறேன்."

நாலு வருஷமாக அவளிடம் துன்னியா, துன்னியா என்று கேட்டிருக்கிறேன். எங்கே தூங்கினாய் என்று ஒரு முறையும் கேட்டதில்லை.

அடுத்த திங்கட்கிழமை, அவள் விழுந்த அன்று வேலை பார்த்த அதே திருப்பதி மண்டபத்தில் அவளுக்கு வேலை. ஸ்கூட்டரையும் எடுத்துப் போயிருந்தாள். நான் காலை பஸ்ஸில் போய் மேனேஜரிடம் மணமகள் அறைச் சாவியைக் கேட்டேன்.

"பெள்ளிவாள்ளு வெள்ளிப்போயாரு கதா சார், ரூம் எந்துக்கு?" என்றார் அவர். கல்யாண வீட்டார்தான் போய்விட்டார்களே, அறை எதற்கு?

போட்டோகிராபர் தூங்குவதற்கு என்று நானும் தெலுங்கிலேயே சொன்னேன். அதுவரை அவரிடம் யாரும் அப்படிக் கேட்டதில்லை என்பது முகத்தில் தெரிந்தது. சாயங்காலக் கூட்டம் வருவதற்குள் காலி செய்துவிட வேண்டும் என்று சாவியைக் கொடுத்தார்.

தரையெல்லாம் ஹேர்பின், கண்ணாடி ஓரத்தில் நாலைந்து ஸ்டிக்கர் பொட்டு. மகள் மெத்தையில் கிடந்த பூவைக்கூடத் தள்ளாமல் படுத்தாள். நான் வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்து மணியைப் பார்த்தேன்.

மண்டபத்தைப் பெருக்கிக்கொண்டே வந்த ஒரு அம்மா துடைப்பத்தை நிறுத்தினாள். "உள்ள யாரு சார்?"

"என் பொண்ணு. போட்டோ எடுக்கறவ."

"அந்தப் பொண்ணா? போன மாசம் கை கழுவற எடத்துல செவுத்துல சாஞ்சி நின்னுக்கினே தூங்கிச்சு சார். நான்தான் தட்டி எழுப்பி, ஊட்டுக்குப் போயிப் படு கண்ணுன்னு அனுப்பினேன்."

எந்த நாள் என்று கேட்டேன். விரல் விட்டு எண்ணிச் சொன்னாள். அதே திங்கட்கிழமைதான். அதற்குப் பிறகு என்ன நடந்தது என்று அவளிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவள் நல்லதைத்தான் செய்திருந்தாள். "இந்த ரூமு மத்தியானம் சும்மாதான் சார் கெடக்கும்" என்றுவிட்டு, கதவுப் பக்கம் மட்டும் சத்தம் வராமல் கூட்டினாள்.

மகள் கன்னத்தில் தலையணைக் கோட்டோடு வெளியே வந்தாள். "எவ்ளோ நேரம் தூங்கினேன்?"

"ஒரு மணி அம்பது நிமிஷம்."

"கணக்கு வேற வெச்சிக்கினியா?" என்று சிரித்தாள். பிறகு, "அடுத்த வாட்டி வராத நைனா. எல்லாரும் பார்க்கறாங்க. லைட்டு வெக்க எடம் கேக்கறேன் இல்ல, அந்த மாதிரி ரூமையும் நானே முன்னாடியே கேட்டுக்கறேன்" என்றாள்.

"கேப்பியா?"

"கேப்பேன்."

வண்டியை அவள்தான் ஓட்டினாள். பின்னால் உட்கார்ந்து, பக்கக் கண்ணாடியில் அவள் கண்ணையே வழியெல்லாம் பார்த்துக்கொண்டு வந்தேன்.

அடுத்த வாரம் நான் வேலையில் இருந்தபோது, பன்னிரண்டு மணிக்கு மேல் அவளிடமிருந்து ஒரே சொல்லில் மெசேஜ் வந்தது: படுத்துட்டேன். தாழ்ப்பாள் போட்டாயா என்று எழுதினேன். அனுப்பினால் தலைமாட்டில் இருக்கும் போன் அடிக்கும். அழித்துவிட்டேன்.