எதிரில் வண்டி வராத பாதை

வேலை முடிந்து அறைக்கு வந்ததும் ஒரு மணி நேரம் லாரி ஓட்டுவேன். லைசென்ஸ் கிடையாது, ஸ்கூட்டர் கூட ஓட்டத் தெரியாது. நான் ஓட்டுவது கம்ப்யூட்டரில். கொச்சியில் ஒரு அலுவலகத்தில் நாள் முழுக்கத் தொலைபேசியில் வாடிக்கையாளர்களிடம் திட்டு வாங்குவது என் உத்தியோகம். மூன்றாவது கியர் போடுவதற்குள் அந்தத் திட்டெல்லாம் காதிலிருந்து இறங்கிவிடும். யாரையும் சுடாமல், யாரையும் துரத்தாமல், பெயர் வாயில் நுழையாத ஓர் ஊருக்கு உருளைக்கிழங்கு கொண்டு போய்ச் சேர்க்கிற விளையாட்டில் என்னதான் இருக்கிறது என்று கூட வேலை செய்கிறவர்கள் சிரிக்கிறார்கள். ஒன்றும் இல்லை, அதனால்தான் ஓட்டுகிறேன் என்று சொல்லி வைப்பேன். கண்ணாடியில் மழை விழும், வைப்பர் துடைக்கும், எங்கே திரும்ப வேண்டும் என்று பாதையே சொல்லிவிடும். தப்பித் தவறிக் கவிழ்ந்தாலும் ஒரு பொத்தானை அழுத்தினால் வண்டி கீறல் கூட இல்லாமல் எழுந்து நிற்கும். இந்தப் பழக்கம் அப்பாவிடமிருந்து வந்தது. அவருக்கும் அதில் கிடைத்தது இதே சுகம்தான் என்று பத்து வயதில் நான் நம்பிக்கொண்டிருந்தேன். வீட்டில் எல்லோரும் அப்படித்தான் நம்பினார்கள்.

அப்பா நிஜமான லாரி டிரைவர். எங்கள் வீடு மலை மேல், உடும்பஞ்சோலைக்குப் பக்கத்தில். ஏலக்காய் மூட்டைகளை ஏற்றிக்கொண்டு போடிமெட்டு வழியாகக் கீழே இறங்குவதும், போடியிலிருந்து அரிசியும் உரமும் ஏற்றிக்கொண்டு மேலே வருவதுமாகவே அவருக்குப் பாதி வயது கழிந்தது. அந்த மலைப்பாதையில் எழுதி வைக்காத ஒரு மரியாதை உண்டு. ஏறி வருகிற வண்டிக்குத்தான் முதல் வழி. இறங்குகிறவன் வளைவுக்கு முன்னால் அகலமான இடம் பார்த்து நிறுத்தி, ஆரன் அடித்து, ஏறுகிற வண்டியை விட்டுவிட்டுத்தான் எடுக்க வேண்டும். போகிறவன் ஒரு கை தூக்குவான், நிற்கிறவனும் தூக்குவான். இதைச் செய்யாதவனை டிரைவர்கள் டீக்கடையில் கூட ஒரு மனுஷனாக மதிக்க மாட்டார்கள்.

நான் ஐந்தாம் வகுப்பில் சேர்ந்த அந்த ஜூன் மாதம் ஒரு விபத்து நடந்தது. கீழேயிருந்து தோட்ட வேலைக்குப் பெண்களை ஏற்றி வந்த ஒரு ஜீப், வளைவில் அப்பாவின் லாரியைக் கண்டு பின்னால் எடுக்கப் போய், சக்கரம் ஓடையில் இறங்கிக் கவிழ்ந்துவிட்டது. உயிர்ச்சேதம் இல்லை. ஒரு பெண்ணுக்கு இடுப்பு எலும்பு முறிந்தது. தன் லாரி ஒதுங்கி நின்றுகொண்டுதான் இருந்தது, ஜீப்தான் வேகமாக வந்தது என்று அப்பா சொன்னார். ஜீப்பில் அளவுக்கு மேல் ஆட்கள் இருந்ததால் போலீஸும் அதற்கு மேல் விசாரிக்கவில்லை. கேஸ் ஜீப் டிரைவர் மேல் போனது. அம்மா கோயிலில் பொங்கல் வைத்தாள்.

ஆனால் அன்றைக்கு அப்பா லாரிச் சாவியை முதலாளி வீட்டில் கொடுத்துவிட்டு வந்தவர்தான், அப்புறம் வாங்கப் போகவில்லை. கேட்டால் கை கால் ஒரு மாதிரி இருக்கிறது என்பார். ராத்திரியெல்லாம் பாயில் புரண்டுகொண்டே கிடப்பார். "தப்புப் பண்ணுனவன்ல பயப்படணும்? நின்ன வண்டிக்காரருக்கு என்ன பயம்?" என்று அம்மா கேட்டுக் கேட்டு ஓய்ந்தாள். முதலாளி நல்ல மனிதர். ஓண லீவு முடிந்து பள்ளிக்கூடம் திறக்கிற வரை வண்டியை வேறு ஆளுக்குக் கொடுக்க மாட்டேன் என்று சொல்லியனுப்பினார். அதற்குள் அப்பா எடுக்காவிட்டால் லாரி போய்விடும். அம்மா ஏலக்காய் எடுக்கப் போய்க் கொண்டுவருகிற கூலியை மட்டும் வைத்து மலையில் குடும்பம் நடத்த முடியாது, வீட்டைக் காலி செய்துவிட்டு அவள் பிறந்த வீட்டுக்குப் போடிக்கே போக வேண்டியதுதான் என்று பேச்சு ஓடியது. எனக்கு என் பள்ளிக்கூடம் போய்விடும் என்பதுதான் முதல் கவலை, அப்பாவெல்லாம் அதற்கு அப்புறம்தான்.

அப்போதுதான் மாமா வந்தார். அம்மாவின் தம்பி. நெடுங்கண்டத்தில் நெட் கடை வைத்திருந்தவர். எல்லோர் கையிலும் போன் வந்தபிறகு கடையில் அவரும் ஒரு மின்விசிறியும் மட்டும் மிஞ்சியதால் இழுத்து மூடிவிட்டார். மூடிய கடையிலிருந்து ஒரு கம்ப்யூட்டரையும், பிளாஸ்டிக் ஸ்டீரிங் ஒன்றையும், காலால் மிதிக்கிற பெடல்களையும் ஆட்டோவில் போட்டுக் கொண்டுவந்து எங்கள் முன்னறையில் பொருத்தி, லாரி ஓட்டுகிற விளையாட்டு ஒன்றையும் போட்டுக் கொடுத்தார். அவர் பேச்சில் பாதி மலையாளம் இருக்கும்.

"பேடிக்கண்டா மச்சான், ஒண்ணும் பயப்படாதீங்க. சும்மா ஒரு ரெஸ்ட்டுக்கு ஓட்டுங்க. மனசு லேசாயிரும், பயம் தன்னால போயிரும்," என்றார்.

என்னைத் தனியாகக் கூப்பிட்டு ஒரு பொறுப்பும் கொடுத்தார். ஒரு ட்ரிப் எடுத்தால் இத்தனை மணிக்குள் சரக்கு போய்ச் சேர வேண்டும் என்று அந்த விளையாட்டில் கணக்கு உண்டு. ஒரே ஒரு ட்ரிப்பை அப்பா நேரத்துக்குள் முடித்துவிட்டால் நான் மாமாவுக்குப் போன் செய்ய வேண்டும். பயம் போய்விட்டது என்று அர்த்தம், அன்றைக்கே முதலாளியிடம் அழைத்துப் போய்விடலாம் என்பது அவர் திட்டம். என்னை யாரும் அதற்கு முன் எதற்கும் மேற்பார்வையாளராக நியமித்ததில்லை. நான் ஒரு நோட்டும் பென்சிலும் எடுத்து வைத்துக்கொண்டேன்.

அப்பா முதல் இரண்டு நாள் அதைத் திரும்பியும் பார்க்கவில்லை. மூன்றாம் நாள் கை கால் கழுவி, கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு, பிளாஸ்டிக் ஸ்டீரிங்கைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு உட்கார்ந்தார். விளையாட்டில் வருகிற நாட்டில் எல்லா வண்டியும் வலது பக்கம் போகும் என்று புரிய வைக்க எனக்கு அரை நாள் ஆயிற்று. என்ன சரக்கு என்று கேட்டார். பால்கட்டி என்று திரையில் பார்த்துச் சொன்னேன். குலுங்கினால் உடைந்துவிடும் என்று மெல்ல ஓட்டினார். பாதி வழியில் வண்டியை ஓரம் கட்டிவிட்டு, நிஜமாகவே எழுந்து அடுப்படிக்குப் போய்க் கட்டன் டீ குடித்துவிட்டு வந்தார். ஒவ்வொரு வளைவிலும் அவர் அடித்த ஆரனில் பக்கத்து வீட்டு நாய் குரைத்துக் குரைத்து அலுத்துப்போய்ப் படுத்துவிட்டது. வேலை முடிந்து வந்த அம்மா வாசலில் நின்று பார்த்தாள். அப்பாவின் தோள்கள் இறங்கி, முகம் அமைதியாக இருந்தது. அவள் உள்ளே போனாள், அன்றைக்குக் குழம்பில் கருவாடு இருந்தது.

இருந்தாலும் ட்ரிப் மட்டும் முடிந்தபாடில்லை. கடற்கரை ஓரமாக, வயல் நடுவில், கண்ணுக்கெட்டிய வரை நேராக எத்தனையோ பாதைகள் அதில் இருந்தன. அப்பா அதையெல்லாம் விட்டுவிட்டு ஒரு மலைப்பாதையையே திரும்பத் திரும்ப எடுத்தார். மேலேயிருந்து கீழே இறங்குகிற பாதை. வளைவு வந்ததும் ஒதுக்கி நிறுத்திவிடுவார். எதிரில் ஒரு வண்டி ஏறி வந்து கடந்து போகும். அப்பா அதைப் பார்த்து ஒரு கை தூக்குவார். அப்புறம்தான் எடுப்பார். அந்த வண்டியில் இருந்தது பொம்மை டிரைவர். இரண்டு வண்டி தாராளமாகப் போகிற அகலம் அந்தப் பாதைக்கு. பின்னால் நின்ற பொம்மைகள் ஆரன் அடித்தன. "அது ஆளு இல்லப்பா, கம்ப்யூட்டரு. நீங்க பாட்டுக்குப் போங்க," என்று தலையில் அடித்துக்கொள்வேன். "இருக்கட்டும் பாப்பா, ஏறி வாறான்ல," என்பார். என் நோட்டில் தாமதம், தாமதம் என்றே பக்கம் நிறைந்தது. தினமும் சாயங்காலம் அம்மா, "முடிச்சாகளா?" என்று என்னிடம் ரகசியமாகக் கேட்பாள். நான் உதட்டைப் பிதுக்குவேன்.

ஓணம் முடிந்தது. திங்கட்கிழமை பள்ளிக்கூடம். சனிக்கிழமை காலையில் மாமா போன் செய்து, முதலாளி வேறு ஆள் பார்த்துவிட்டார், திங்கள்தான் கடைசி என்றார். நான் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து யோசித்தேன். அப்பா பயப்படவில்லை, நன்றாகத்தான் ஓட்டுகிறார், வழியில் குறுக்கிடுகிற வண்டிகள்தான் கெடுக்கின்றன என்று எனக்குத் தோன்றியது. விளையாட்டின் உள்ளே போய்த் தேடினேன். மற்ற வண்டிகள் வேண்டுமா, வேண்டாமா என்று ஓர் இடத்தில் கேட்டது. வேண்டாம் என்று அழுத்தினேன். என் புத்திசாலித்தனத்தை நினைத்து எனக்கே பெருமை தாங்கவில்லை. மாமாவுக்கு என்ன சொல்வது என்று கூட மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டேன்.

மத்தியானம் நல்ல மழை. அப்பா உட்கார்ந்தார். அதே மலைப்பாதை. முதல் வளைவுக்கு முன்னால் ஒதுக்கி நிறுத்தினார், ஆரன் அடித்தார், காத்திருந்தார். யாரும் வரவில்லை. அவரும் எடுக்கவில்லை. திரையில் வைப்பர் இப்படியும் அப்படியும் போய்க்கொண்டிருந்தது. மறுபடி ஆரன் அடித்தார். மழை வலுத்ததால் தோட்டத்துக் கங்காணி சீக்கிரம் விட்டுவிட, அம்மா தலையில் பிளாஸ்டிக் சாக்கோடு வாசலில் வந்து நின்றாள். அப்பா பார்க்கவில்லை. எனக்கு அதற்கு மேல் பொறுக்கவில்லை.

"யாரும் வரமாட்டாங்கப்பா. எல்லா வண்டியையும் நான் எடுத்து விட்டுட்டேன். ரோடு பூராம் உங்களுக்குத்தான். ஜாலியா போங்க!"

அப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் கைதட்டலை எதிர்பார்த்தேன். அவர் கை ஸ்டீரிங்கிலிருந்து மடியில் விழுந்தது.

"அன்னைக்கும் யாரும் வரமாட்டாகன்னுதான் பாப்பா நெனச்சேன்," என்றார். "நிக்கல. நிக்காம எறங்கிட்டேன்."

வாசலிலிருந்து அம்மா கேட்டாள். "நின்னதாத்தான சொன்னீக?"

"சொன்னேன்," என்றார் அப்பா. அவ்வளவுதான். அப்புறம் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு அழுதார். பெரியவர்கள் அழும்போது சத்தம் வரும் என்றே எனக்கு அன்றைக்கு முன் தெரியாது. நான் பயந்து போய், எடுத்துவிட்ட வண்டிகளையெல்லாம் திரும்பக் கொண்டுவந்தேன். அவர் திரையைப் பார்க்கவே இல்லை. பொம்மை வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக ஏறி வந்து நின்ற லாரியைக் கடந்து போயின.

ஞாயிற்றுக்கிழமை காலை முதல் பஸ்ஸில் அப்பா போடிக்கு இறங்கினார். முதலில் ஜீப் டிரைவர் வீட்டுக்கும், பிறகு இடுப்பு முறிந்த பெண்ணின் வீட்டுக்கும் போனார் என்றும், திங்கட்கிழமை அந்த ஜீப் டிரைவரையும் கூட அழைத்துக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போய், அன்றைக்குத் தன் லாரி நிற்கவில்லை என்று எழுதிக் கொடுத்தார் என்றும் பின்னாளில் அம்மா சொல்லித் தெரிந்துகொண்டேன். அப்போது எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். திங்கட்கிழமை சாயங்காலம் நான் பள்ளிக்கூடத்திலிருந்து வரும்போது அப்பா திரும்பி வந்திருந்தார், லாரி போய்விட்டிருந்தது. லைசென்ஸையும் போலீஸில் வாங்கி வைத்துக்கொள்வார்களாம். மாமா போனில் கத்திக்கொண்டிருந்தார். அடுப்படியில் அம்மா கத்திக்கொண்டிருந்தாள்.

"எந்தக் கிறுக்கனாச்சும் முடிஞ்சுபோன கேஸுக்குத் தானா போயி மாட்டுவானா? பொம்பளப் பிள்ளைய வச்சுக்கிட்டு இனி எங்கிட்டுப் போறது?"

அப்பா இரண்டு முறை சோறு போட்டுச் சாப்பிட்டார். கை கழுவிவிட்டு முன்னறையில் பாயை விரித்துப் படுத்தார். நான் மூலையில் உட்கார்ந்திருந்தேன். ஒரு பொத்தானை அழுத்தி ஒரு லாரியையும் ஒரு பள்ளிக்கூடத்தையும் தொலைத்தவள் நான் என்று எனக்கு உறுதியாகத் தெரிந்தது. எப்போது யார் என்னை அடிக்க வருவார்கள் என்று காத்திருந்தேன்.

கொஞ்ச நேரத்தில் அப்பா குறட்டை விட ஆரம்பித்தார். சாதாரணக் குறட்டை இல்லை, கூரைத் தகரம் அதிர்கிற குறட்டை. அடுப்படியில் அம்மாவின் அழுகை சட்டென்று நின்றது. அவள் ஈரக் கையோடு நிலைப்படிக்கு வந்து அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். கன்னத்தில் கண்ணீர் காயவில்லை. நான் எழுந்தபோது உதட்டில் விரலை வைத்து என்னை உட்கார வைத்தாள்.

"சத்தம் போடாதடி. ரெண்டு மாசங்கழிச்சு இப்பத்தான் தூங்குறாக," என்று கிசுகிசுத்துவிட்டு அவள் சிரித்தாள். லாரி போனதற்கு அப்படி அழுதவளுக்கு, ஒரு மனுஷன் விளக்கு வைக்கிற நேரத்தில் தூங்குவதில் என்ன சந்தோஷம் என்று எனக்கு விளங்கவில்லை.