மைக் அக்கா வாசித்த உலக மதங்கள்

பேருந்து நிலையத்தில் எல்லோருக்கும் அவர் மைக் அக்கா. மாடியில் கண்ணாடி வைத்த ஒரு சின்ன அறையில் உட்கார்ந்து, எந்த வண்டி எந்த மேடையில் நிற்கிறது, எது தாமதம், யாருடைய பை கிடைத்திருக்கிறது என்றெல்லாம் ஒலிபெருக்கியில் சொல்வது அவர் வேலை. இனிமையான குரல் என்று சொல்ல முடியாது. ஆனால் எப்போதும் ஒரே மாதிரி இருக்கும். குழந்தையைக் காணவில்லை என்றாலும் கழிப்பறை மூடியிருக்கிறது என்றாலும் ஏற்ற இறக்கம் மாறாது. "நீங்க வருந்துகிறோம்னு சொல்றப்ப பக்கத்து வீட்டுக்காரங்க வருந்துற மாதிரி இருக்குக்கா" என்று ஓட்டுநர்கள் கேலி செய்வார்கள். அக்காவும் சேர்ந்து சிரிப்பார்.

அந்தக் குரலைத் தேடித்தான் ஒலிநூலகத்திலிருந்து வந்தார்கள். பார்வையற்றவர்களுக்காகப் புத்தகங்களை வாசித்துப் பதிவு செய்து கொடுக்கும் சிறிய அமைப்பு அது. தபால்வழிப் பட்டப்படிப்பில் சேர்ந்திருந்த சிலருக்கு, உலக மதங்களை அறிமுகப்படுத்தும் பாடநூல் வேண்டியிருந்தது. அதற்கு முன்பே இரண்டு பேர் வாசிக்க வந்து பாதியில் நின்றுபோயிருந்தார்கள். ஒருவர் தம் மதத்துப் பாடத்தைக் கிட்டத்தட்டப் பாட்டாகவே பாடிவிட்டார். இன்னொருவர் அடுத்தவர் மதத்துப் பாடம் முழுக்கத் தொண்டையைச் செருமிக்கொண்டே இருந்தார்.

"எந்தப் பக்கமும் சாயாத குரல் வேணும் எங்களுக்கு" என்றார் நூலகப் பொறுப்பாளர்.

"அப்ப நான்தான். எனக்குச் சாமியோட சண்டையும் இல்ல, சகவாசமும் இல்ல" என்றார் அக்கா.

சண்டை இல்லை என்று அவர் நம்பிக்கொண்டிருந்தார். அக்காவின் கணவர் அதே நிலையத்தில் ஒலிபெருக்கிகளைப் பழுதுபார்த்த எலக்ட்ரீஷியன். மகள் தவழத் தொடங்கிய சமயத்தில், துறவிகள் சேர்ந்து வாழும் ஒரு மலை இல்லத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டார். சொல்லாமல் கொள்ளாமல் ஓடவில்லை. பட்டப்பகலில், சாப்பிட்டு, தட்டைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டு, "நான் கிளம்பறேன். இனிமே இங்க எனக்கு வேலை இல்ல" என்றார். கடைக்குப் போகிறார் என்றுதான் அக்கா முதலில் நினைத்தார். வேறொரு பெண்ணோடு போயிருந்தால், தன்னோடு சேர்ந்து திட்டவாவது நாலு பேர் வந்திருப்பார்கள். இதற்கு வந்தவர்களோ, "நீ கொடுத்து வச்சவ. எப்பேர்ப்பட்ட மனுஷன்!" என்று கன்னத்தைத் தடவிவிட்டுப் போனார்கள். கொடுத்து வைத்தவள் எப்படிக் கோபப்படுவது? அக்கா மறுநாளே வேலைக்குப் போனார். மகளை வளர்த்தார், படிக்க வைத்தார். மகள் இப்போது மருந்துக்கடையில் வேலை பார்க்கிறாள். அவளிடம் அப்பாவைப் பற்றிக் கெட்ட வார்த்தை ஒன்று சொன்னதில்லை. நல்ல வார்த்தையும் சொன்னதில்லை.

பதிவறை முன்பு சாமான் அறையாக இருந்தது. சுவரெங்கும் முட்டை அட்டைகளை ஒட்டி, கதவில் தடித்த போர்வையைத் தொங்கவிட்டிருந்தார்கள். இரைச்சல் பதிவாகும் என்பதால் மின்விசிறி கிடையாது. பக்கத்தைத் திருப்பும் சத்தம்கூட விழும். ஆகவே வாக்கியம் முடிந்ததும் நிறுத்தி, திருப்பி, மூச்சு வாங்கித் தொடர வேண்டும். கண்ணாடிக்கு அந்தப் பக்கம், முன்பு கடைகளுக்கு விளம்பரம் பதிவு செய்து பிழைத்த ஒலிப்பதிவாளர் ஒருவர் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

காலை வேலை முடிந்த பிற்பகல்களில் அக்கா அங்கே போய் வாசித்தார். முதல் பாடம் இந்து மதம். அதைத் தோற்றுவித்தவர் என்று தனியொருவர் இல்லை. அதன் மறைகள் எழுத்தில் ஏறுவதற்கு முன் நெடுங்காலம் வாய்வழியாகவும் செவிவழியாகவுமே காக்கப்பட்டன. செய்த வினை பிறவிதோறும் தொடரும், அந்தச் சுழலிலிருந்து விடுபடுவதே உயிரின் இலக்கு என்று சொன்னது பாடம். "வாயாலயே காப்பாத்தியிருக்காங்க. நம்ம தொழில்தான்" என்றார் அக்கா.

அடுத்தது யூத மதம். ஒரே கடவுள், அவர் ஒரு மக்களோடு செய்துகொண்ட உடன்படிக்கை, மோசே அவர்களை அடிமைத்தனத்திலிருந்து வெளியே நடத்திச் சென்றது. அதற்கெல்லாம் முன்பாக ஆபிரகாம் கடவுளின் சொல் கேட்டுச் சொந்த மண்ணைவிட்டுக் கிளம்புகிறார். அந்தப் பத்தி முடிந்ததும் அக்கா தலையைத் தூக்கி, "பெண்டாட்டியையும் கூட்டிக்கிட்டுத்தான் போயிருக்கார்" என்றார். "பதிவு ஓடுதுக்கா" என்றார் ஒலிப்பதிவாளர்.

மூன்றாவது சமணம். எந்த உயிருக்கும் தீங்கு நினைக்காமையே அதன் உயிர்நாடி. மகாவீரர் பெற்றோர் காலமாகும்வரை காத்திருந்து, அண்ணனிடம் அனுமதி பெற்றே துறவு பூண்டார் என்று அதன் ஒரு மரபு சொல்கிறது. அந்த வரியை அக்கா வேண்டுமென்றே இரண்டாவது முறையும் வாசித்தார். நான்காவது பௌத்தம், அதை ஒரே மூச்சில் முடித்தார். கிறிஸ்தவத்தில் மீனவர்கள் வலைகளை அப்படியே விட்டுவிட்டு இயேசுவின் பின்னால் போனார்கள். அவர் சிலுவையில் இறந்து உயிர்த்தெழுந்தார் என்ற நம்பிக்கையை ஊர் ஊராகக் கொண்டுசென்றார்கள். இஸ்லாத்தில் நபிகள் நாயகம் குகையில் முதல் செய்தியைப் பெற்று நடுக்கத்தோடு வீடு திரும்புகிறார். மனைவி கதீஜா போர்த்திவிட்டுத் தேற்றுகிறார். இறைவன் ஒருவனே என்ற அந்தச் செய்தியை முதலில் நம்பியவரும் அவர்தான். கடைசிப் பாடம் சீக்கியம். ஒரே இறைவனைப் பாடிக்கொண்டு தொலைதூரமெல்லாம் சுற்றிய குரு நானக், பிறகு குடும்பத்தோடு ஓரிடத்தில் தங்கி நிலத்தை உழுதார். உயர்ந்தவர் தாழ்ந்தவர் பாராமல் எல்லோரையும் ஒரே வரிசையில் உட்காரவைத்துச் சாப்பிட வைத்தார்.

பதிவு வெளியே போய்ச் சில வாரங்கள் கழித்து நூலகத்துக்கு ஒரு தொலைபேசி அழைப்பு வந்தது. வாசித்தவரிடமே பேச வேண்டும் என்றது ஒரு பெண் குரல். அக்கா அப்போது அங்கேதான் இருந்தார்.

"மேடம், நான் ஆஸ்பத்திரியில டெலிபோன் ஆபரேட்டர். எனக்குப் பிறவியிலேயே பார்வை இல்ல. உங்க பதிவைக் கேட்டுத்தான் பரீட்சைக்குப் படிக்கறேன். ஒண்ணு கேக்கலாமா? தப்பா எடுத்துக்கக் கூடாது."

"கேளும்மா."

"நாலாவது பாடத்துல, இளவரசர் வீட்டை விட்டுப் போற இடத்துல உங்களுக்கு ஏன் அவ்ளோ கோபம்?"

"கோபமா? எனக்கா? புத்தகத்துல இருக்கறதைப் படிச்சேன், அவ்ளோதான்."

"இல்ல மேடம். நாள் பூரா குரலைத்தான் கேட்டுக்கிட்டிருக்கேன். சாந்தமா பேசறவங்க எப்ப பல்லைக் கடிக்கறாங்கன்னு எனக்குத் தெரியும்."

அக்கா போனை வைத்துவிட்டு அந்தப் பகுதியைப் போடச் சொன்னார். முதுமை, நோய், சாவு, அமைதியான ஒரு துறவி என்று சித்தார்த்தர் நான்கு காட்சிகளைக் காண்பதுவரை வழக்கமான குரல்தான். மனைவியும் பிறந்த மகனும் உறங்கிக்கொண்டிருக்கையில் அவர் கிளம்புகிறார் என்ற இடம் வந்ததும், கத்தரிக்கோல் போட்டதுபோல ஒவ்வொரு சொல்லும் தனித்தனியாக விழுந்தது. துன்பம் உண்டு, வேட்கையே அதன் காரணம், அதற்கு முடிவு உண்டு, முடிவுக்கு எட்டு அங்கமுள்ள பாதை உண்டு என்ற நான்கு உண்மைகளும் யாரையோ நிற்கவைத்துக் கேள்வி கேட்பதுபோல ஒலித்தன. அதற்கப்புறம் ஒரே ஓட்டம்.

"நான் அப்பவே கவனிச்சேன்க்கா. கேக்கத்தான் பயமா இருந்துச்சு" என்றார் ஒலிப்பதிவாளர்.

பொறுப்பாளர் அந்தப் பாடத்தை மட்டும் மறுபடி வாசித்துக் கொடுக்கச் சொன்னார். அவரைக் குறை சொல்ல முடியாது. மறுநாள் அக்கா மைக்கின் முன் உட்கார்ந்து, அறிவிப்பு அறையில் சொல்வதைவிட மெதுவாக ஆரம்பித்தார். போனமுறை ஓடிக் கடந்த பக்கம் வந்தது. ஞானம் பெற்ற புத்தர் சொந்த ஊருக்கு வருகிறார். மகன் ராகுலன் அவரிடம் போய்த் தன் பங்கைக் கேட்கிறான். அவனுக்கும் துறவு கிடைக்கிறது. முதலில் மகனையும் பிறகு பேரனையும் பறிகொடுத்த அரசர், புத்தரின் தந்தை, அவரிடம் வந்து, தாய் தந்தையின் சம்மதம் இல்லாமல் இனி எந்தப் பிள்ளையையும் சங்கத்தில் சேர்க்க வேண்டாம் என்று கேட்கிறார். புத்தர் ஒப்புக்கொள்கிறார். அது சங்கத்தின் விதியாகிறது. மனைவி யசோதரையும் பின்னாளில் பிக்குணியானார் என்கிறது மரபு.

அக்கா நிறுத்திவிட்டார்.

"என்னாச்சுக்கா? எங்கயும் சறுக்கலையே?"

"இதைப் போன தடவை நான் படிச்சேனா?"

"படிச்சீங்க. அடிச்சுப் பிடிச்சு ஓடிட்டீங்க."

"அந்தப் பெரியவர் வாயைத் திறந்து வலிக்குதுன்னு சொல்லியிருக்கார் பாரு. சொன்னதும் இவரும் நியாயம்தான்னு ஒரு விதி வச்சிருக்கார்." அக்கா கொஞ்சம் தண்ணீர் குடித்தார். "நான் ஒண்ணுமே கேக்கலையே."

ஒலிப்பதிவாளர் பதிவை நிறுத்திவிட்டு டீ வாங்க வெளியே போனார். வந்த பிறகு அக்கா மீதியை முடித்துக் கொடுத்தார்.

அந்த வார விடுமுறை நாளில் இரண்டு பதிவுகளையும் மகளுக்குப் போட்டுக் காட்டினார். முதலாவதைக் கேட்டுவிட்டு மகள், "நீ கோபப்பட்டு நான் கேட்டதே இல்லம்மா" என்றாள். பிறகு மலை இல்லத்தின் அலுவலக எண்ணைத் தானே தேடி எடுத்து, போனை அம்மா கையில் கொடுத்துவிட்டு அடுத்த அறைக்குப் போனாள். யாரோ போய்க் கணவரை அழைத்துவர நேரம் பிடித்தது. பின்னால் வாளியில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

"நான்தான்."

"தெரியுது. குரல் அப்படியே இருக்கு" என்றார் அவர்.

"ஒண்ணு கேக்கணும். அன்னிக்குக் கிளம்பறேன்னு சொன்னீங்க. கிளம்பட்டுமான்னு ஏன் கேக்கல?"

வாளி நிரம்பி வழிந்தது. யாரோ குழாயை மூடினார்கள்.

"கேட்டா நீ வேண்டாம்னு சொல்லியிருப்பே."

"சொல்லியிருப்பேன்."

"அதுக்குப் பயந்துதான் கேக்கல. அது தப்புதான்."

"சரி" என்றார் அக்கா. "சாப்பிட்டீங்களா?"

"ஆச்சு."

"வச்சிடறேன்."

மனசு லேசாகிவிட்டது என்றெல்லாம் அக்கா யாரிடமும் சொல்லவில்லை. மன்னித்தாரா என்று நாத்தனார் கேட்டபோது, "அவர் கேட்டா பார்க்கலாம்" என்றார். ஆனால் அதன்பின் யாராவது கொடுத்து வைத்தவள் என்று ஆரம்பித்தால் பேசாமல் இருப்பதில்லை. "நான் எங்க கொடுத்தேன்? கேக்காம எடுத்துக்கிட்டுப் போனது" என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிடுவார். சொன்னவர்கள் பேச்சை மாற்றிக்கொள்வார்கள்.

நூலகம் இரண்டாவது பதிவையே வெளியிட்டது. ஆபரேட்டர் அதைக் கேட்டுப் படித்துத் தேறினார். தேர்வுக்கு இரண்டாவதுதான் நல்லது என்று போனில் சொன்னவர், முதலாவதை அழிக்க மனம் வரவில்லை என்றும் சொன்னார். அடுத்து மண்ணியல் பாடநூல் வந்தபோது, "இதுல யாரும் வீட்டை விட்டுப் போகல, தைரியமா படிங்கக்கா" என்றார் ஒலிப்பதிவாளர்.

மகள் இப்போது அவ்வப்போது மலைக்குப் போய்வருகிறாள். அக்கா அவளோடு போவதில்லை. அப்பாவுக்கு மூட்டுவலி என்று மகள் ஒருமுறை சொன்னாள். அடுத்த பயணத்தின்போது அவள் பையில் ஒரு தைலப் புட்டியை வைத்துவிட்டார் அக்கா. யார் கொடுத்தது என்று அவர் கேட்டாராம். அம்மாதான் என்றாளாம் மகள். அவர் வாங்கிவைத்துக்கொண்டார்.