சாய்த்துப் பிடித்த கண்ணாடி

கடைத்தெருவில் அவரை ரேடியோ என்றால்தான் தெரியும். சலூன் ஷட்டரைத் தூக்கும்போது திறக்கிற வாய், சாயங்காலம் ஷட்டரை இறக்கும்போதுதான் மூடும். எதிர்ப்பக்கத்து மருந்துக்கடைக்காரர், "யப்பா, யாராவது அதை ஆஃப் பண்ணுங்கப்பா!" என்று கத்துவார். இவர் அதற்கும் ஒரு பதில் வைத்திருப்பார். ஆனால் வேலை சுத்தம். கத்தரி பாட்டுக்குக் கத்தரி, வாய் பாட்டுக்கு வாய்.

அவரிடம் ஒரு கைவித்தை உண்டு. முடி வெட்டி முடித்ததும் வந்தவரின் பின்னால் நின்று கைக்கண்ணாடியைப் பிடித்துக் காட்டுவார்களல்லவா? உச்சியில் முடி கொட்டிப்போன ஆளென்றால் கண்ணாடியைக் கொஞ்சம் கீழே சாய்ப்பார். பிடரி அழகாகத் தெரியும், வழுக்கை தெரியவே தெரியாது. "என்ன சார், காடு மாதிரி வெச்சிருக்கீங்க!" என்பார். வந்தவர் சட்டையை உதறிக்கொண்டு சின்னப் பையன் மாதிரி இறங்கிப் போவார். இது ஏமாற்றில்லையா என்று கேட்டால், "அவங்களுக்குத் தெரியாததா? போறப்போ சந்தோஷமாப் போகட்டுமே" என்பது ரேடியோவின் கட்சி. இருக்கட்டும், சலூனோடு நின்றிருந்தால் யார் கேட்கப்போகிறார்கள்?

மனைவி பள்ளிக்கூடச் சீருடை தைப்பவள். வயிற்றில் வந்த வலியைச் சாதாரண வலி என்று நினைத்து, தையல் மிஷின் மேலேயே குனிந்து குனிந்து சமாளித்திருக்கிறாள். ஆஸ்பத்திரிக்குப் போனபோது காரியம் கைமீறிப் போயிருந்தது. டாக்டர் ரேடியோவை மட்டும் வராந்தாவுக்குக் கூப்பிட்டார். "இனிமே மருந்துல ஒண்ணும் இல்லீங்க. வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க. வலி தெரியாமப் பாத்துக்கோங்க. அவங்க ஆசைப்பட்டதைக் குடுங்க" என்றார். இந்த மனிதர் முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய் என்ன சொன்னார் தெரியுமா? "நல்ல முன்னேற்றமாம்மா! வீட்டுல ரெஸ்ட் எடுத்தாப் போதுமாம்!" அங்கேயும் கண்ணாடியைச் சாய்த்துவிட்டார். சொன்ன மறுநிமிஷமே நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது அவருக்கு. சொன்னதை எப்படித் திரும்ப வாங்குவது?

அவளுக்குக் கல்யாணத்துக்கு முன்பிருந்தே ஒரு பழக்கம். விடியற்காலையில் காப்பி டம்ளரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு தனியாக உட்கார்ந்து பைபிள் வாசிப்பாள். பிடித்த இடத்தைப் பொறுக்கி வாசிக்கிற கதையெல்லாம் கிடையாது. ஆதியாகமத்தில் ஆரம்பித்தால் வெளிப்படுத்தல் வரைக்கும் வரிசையாகப் போவாள். முடிந்ததும் மறுபடியும் முதலிலிருந்து. இன்னாருக்கு இன்னார் மகன் என்று பக்கம் பக்கமாக வெறும் பெயர்களாக வருமே, அதைக்கூட விடமாட்டாள். "நம்ம பேரை ஒருத்தர் தாண்டிப் போனா நமக்கு எப்படி இருக்கும்?" என்பாள். வாசித்து எழுந்தாளென்றால் அன்றைக்கு எத்தனை சட்டை வந்தாலும் சலிக்காமல் தைப்பாள்.

இப்போது அந்தப் புத்தகத்தைத் தூக்கக் கையில் தெம்பில்லை. எழுத்தும் கலங்கலாகத் தெரிகிறது. "ஏங்க, நீங்க வாசிங்களேன்" என்றாள். ரேடியோவோ ஞாயிறு ஆராதனையில் கடைசி பெஞ்சில் தூங்கி வழிகிற ஆள். என்ன செய்வது, வாசித்தார். அவள் நிறுத்தியிருந்த இடம் சங்கீதம், ஆண்டவரைப் பார்த்துப் பாடுகிற பாட்டுகள். ஆரம்பத்தில் தடுமாறினாலும் போகப்போக அவருக்கே பிடித்துப்போனது. சிறகுக்குள் வைத்துக் காப்பாற்றுவதைப் பற்றி ஒரு நாள் வரும், பாதத்துக்கு முன்னால் வெளிச்சம் இருப்பதைப் பற்றி ஒரு நாள் வரும். அதை மனதுக்குள் போட்டுக்கொண்டு சலூனுக்குப் போனால் அன்றைக்கு வேலை தானாக ஓடியது.

ஆனால் சங்கீதம் முழுக்க அப்படியா இருக்கிறது? திடீரென்று ஒருவர் எலும்பெல்லாம் நோகிறது என்பார், படுக்கை கண்ணீரில் நனைகிறது என்பார், சாவு பக்கத்தில் வந்துவிட்டது என்பார். படுத்துக் கிடக்கிறவளிடம் இதையா வாசிப்பது? ரேடியோ கத்தரி போட்டார். மேலே கொஞ்சம், பக்கவாட்டில் கொஞ்சம். நல்ல வரிகளை மட்டும் ஒட்டவைத்து வாசித்தார். அவள் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

ஒரு நாள் காலையில் அடுப்பில் பாலை வைத்துவிட்டு, அன்றைக்கு வெட்ட வேண்டியதை முன்கூட்டியே பார்த்து வைக்கலாமென்று புத்தகத்தைப் பிரித்தார். எண்பத்தெட்டாம் சங்கீதம். படித்தார், படித்தார், பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்தது. அதில் வெட்டினால் மிச்சம் ஒன்றுமே இல்லை. முதல் வரியில் ஆண்டவரைக் கூப்பிடுகிறதோடு சரி, அப்புறம் கடைசி வரைக்கும் ஒரே இருட்டு. ரேடியோ ஒரு முடிவுக்கு வந்தார். எண்பத்தேழை வாசித்தார், மூச்சு விடாமல் எண்பத்தொன்பதுக்குத் தாவினார்.

"எண்பத்தெட்டு எங்கங்க?" என்றாள் அவள், கண்ணைத் திறக்காமலே.

"பக்கம் ரெண்டும் ஒட்டிக்கிச்சும்மா."

துணைக்கு வந்து தங்கியிருந்த அவள் தங்கை, துணி மடித்துக்கொண்டே சிரித்தாள். "ஏன் அத்தான், நீங்களே பசை போட்டு ஒட்டினீங்களா?"

"நீ போய் அந்த அடுப்பைத் துடைடி" என்று தங்கையை அனுப்பிவிட்டு, மனைவி அவரிடம் சொன்னாள். "அதை வாசிங்க."

"அது வேணாம்மா. நல்லாவே இல்ல."

"நல்லா இல்லன்னு எனக்குத் தெரியாதா? வருஷா வருஷம் வாசிச்சவ நான். நீங்க வெட்டின ஒவ்வொரு வரியும் எனக்குத் தெரியும். பாவம், எனக்காகத்தானே செய்யறாருன்னு பேசாம இருந்தேன். இதை மட்டும் முழுசா வாசிங்க."

வாசித்தார். விட்டு விட்டு வாசித்தார். கூட இருந்தவர்களும் காணாமல் போனார்கள் என்பதோடு அது முடிந்துபோனது. ஏதாவது ஆறுதல் இருக்குமென்று பக்கத்தைத் திருப்பினார், திரும்பவும் முன்னால் வந்து தேடினார்.

"அவ்வளவுதானா? இதைப் போய் எதுக்கு உள்ள வெச்சாங்க?"

"என்னை மாதிரி கிடக்கிறவங்களுக்குத்தான்" என்றாள். "இதைப் பாடினவருக்கு ஒருத்தரும் ஒரு நல்ல வார்த்தை சொல்லல. இருந்தாலும் காலையில எழுந்து மறுபடியும் ஆண்டவர்கிட்டதானே அழறாரு? அவரை நினைச்சா எனக்குத் தெம்பா இருக்கு. நான் யார்கிட்ட அழறது? நீங்கதான் எல்லாம் சரியாயிடும்னு சொல்லிட்டீங்களே. அவரு கூட இருந்தவங்க எங்கேயோ போயிட்டாங்க. நீங்க பக்கத்துல உக்காந்துக்கிட்டே காணாமப் போயிட்டீங்க."

ரேடியோ புத்தகத்தை மூடினார்.

"உங்க சலூன் வேலையை என்கிட்ட காட்டாதீங்க. கண்ணாடியை நேராப் பிடிங்க. டாக்டர் என்ன சொன்னாரு?"

புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு, தரையைப் பார்த்தபடி, டாக்டர் சொன்னதை அப்படியே சொன்னார். ஒரு வரிகூட வெட்டவில்லை.

"எத்தனை நாளாம்?"

"கேக்கலம்மா. பயமா இருந்துச்சு."

"எனக்கும் பயமாத்தாங்க இருக்கு" என்று சொல்லி அவள் அழுதாள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு முதல் தடவையாக வாய்விட்டு அழுதாள். அவரும் அழுதார். அவரால் வேறென்ன செய்ய முடியும்? தேற்ற ஒரு வார்த்தை இல்லை, கொடுக்க ஒரு மருந்து இல்லை. கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அன்றைக்குச் சலூன் ஷட்டர் ஏறவில்லை. மருந்துக்கடைக்காரர் வீட்டுக்கு வந்து எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்.

மறுநாள் காலையில் காப்பியை ஆற்றி அவளுக்கு ஒரு வாய் கொடுத்தார். விழுங்க முடியவில்லை, உதட்டைத் துடைத்துவிட்டார். பிறகு பைபிளைப் பிரித்து எண்பத்தொன்பதுக்குப் பக்கத்தைத் திருப்பினார்.

அவள் தலையை அசைத்தாள். "அவசரப்படாதீங்க. இன்னும் கொஞ்சம் அங்கேயே இருக்கலாம்."

திருப்பிய பக்கத்தை அவர் மறுபடியும் பின்னால் திருப்பினார். எண்பத்தெட்டை முதல் வரியிலிருந்து வாசிக்க ஆரம்பித்தார்.