தா.பழூர் காரும் ஓர் இடது காலும்

சென்ற மாதம் தா.பழூருக்குப் பழைய கார் ஒன்று வாங்கப் போனேன். பஸ்ஸில் போய் பஸ்ஸிலேயே திரும்பினேன். இரட்டை கிளட்ச் ஆட்டோமேட்டிக் கார் வாங்க நினைப்பவர்களுக்கு உதவும் என்று எழுதுகிறேன். இதில் கிளட்ச் உள்ளே தானாக இயங்கும், காலுக்குக் கிளட்ச் பெடல் கிடையாது.

பெரம்பலூரில் எனக்குச் சின்ன வெங்காய வியாபாரம். "வண்டி குலுக்குது, நாலரை லட்சத்துக்கே முடிச்சிடலாம்" என்று தரகர் சொன்னதும் காலை ஆறு மணிக்குக் கிளம்பினேன். அரியலூர் முப்பது கிலோமீட்டர். அங்கே பஸ் மாறி இன்னும் நாற்பது போல.

கார்க்காரர் செல்வராஜ், உரக்கடை வைத்திருப்பவர். எட்டு மாதக் கர்ப்பிணியான மகள் கலைவாணியை அன்று அரியலூருக்கு ஸ்கேனுக்கு அழைத்துப்போக வேண்டும். அந்தப் பயணத்திலேயே காரையும் பார்த்துவிடலாம் என்று மூவரும் கிளம்பினோம்.

"இவ முதுகுவலி தாங்கலண்ணே. பிரசவத்துக்கு முன்ன இதை வித்துட்டு, குலுங்காத வண்டியா ஒண்ணு பாக்கணும்" என்றார்.

முதல் பத்து கிலோமீட்டர் அவர் ஓட்டினார். ஒவ்வொரு தடவை கிளம்பும்போதும் கார் விக்கியது. இன்னும் எவ்வளவு குறைத்துக் கேட்கலாம் என்று யோசித்தபடி கீழே பார்த்தேன். அவருடைய இடது கால் பிரேக்கின் மேல்! இருபது வருடம் டிராக்டரும் வேனும் ஓட்டிய கால், இல்லாத கிளட்ச் பெடலைத் தேடுகிறது. ஒரு கால் முடுக்க, மறுகால் தடுக்க, கார் என்னதான் செய்யும்? நான் வாயைத் திறக்கவில்லை. வியாபாரி.

பிறகு நான் ஓட்டினேன். இடது காலை ஓரமாக ஒதுக்கினேன். பிரேக்கை விட்டால் கார் தானாகவே மெல்ல நகரும். நகர்ந்த பிறகே ஆக்சிலேட்டரை இதமாக அழுத்த வேண்டும். அரியலூரை நெருங்கியதும் சிமென்ட் லாரிகளின் வரிசை. ஒட்டிக்கொண்டு ஊர்ந்து போகாமல், இடம் விட்டு நின்று, வழி கிடைத்ததும் ஒரேயடியாக நகர்ந்தேன். மேட்டில் பிரேக்கால்தான் நிறுத்த வேண்டும். ஆக்சிலேட்டரால் தாங்கிப் பிடித்தால் உள்ளே கிளட்ச் சூடாகும். முந்தும்போதும் சற்று அழுத்தி, கியர் இறங்கியதும் வேகத்தைக் கூட்டுங்கள்.

பின்சீட்டிலிருந்து கலைவாணி, "அப்பா, இவரு ஓட்டுனா தூக்கம் வருது. நீங்க ஓட்டுனா புள்ள உதைக்குது" என்றாள்.

"அதே வண்டிதானம்மா!"

"கால்தான் வேற. அவரு இடது கால் ஓரமா சும்மா கெடக்கு பாருங்கப்பா, உங்களுது பிரேக்கு மேலயே இருந்துச்சு."

செல்வராஜ் குனிந்து பார்த்தார். "இது உங்களுக்கு அப்பவே தெரியுமாண்ணே?"

"தெரியும்" என்றேன். இனி மறைத்து என்ன பயன்?

"வெங்காயக்காரரு நம்மள உரிக்கப் பாத்திருக்காருப்பா" என்று அவள் சிரித்தாள்.

ஸ்கேன் முடிந்து அவரையே ஓட்டச் சொன்னேன். கால் மறுபடி பிரேக்குக்கு ஓடியது. கலைவாணி அவருடைய இடது செருப்பைக் கழற்றச் சொல்லிப் பின்னால் வாங்கி வைத்துக்கொண்டாள். வெறுங்காலில் பிரேக் பட்டதும் உறைத்தது. பிறகு கார் விக்கவே இல்லை.

இத்தகைய கார் வாங்கப் போனால் முதலில் சொந்தக்காரரை ஓட்டவிட்டு அவர் காலைப் பாருங்கள். பிறகு நெரிசலில் நீங்கள் ஓட்டுங்கள். அப்போதும் குலுக்கினால் கும்பிட்டு வந்துவிடுங்கள்.

குலுக்கல் நின்றதால் பிரசவத்துக்கு இந்தக் காரே போதும், மகள் புகுந்த வீடு போனபின் செல்வராஜுக்கு வேனே போதுமாம். பேசி முடித்தது இதுதான்: குழந்தை பிறந்து மூன்று மாதத்தில் கார் எனக்கு, ஐந்தேகால் லட்சம், அட்வான்ஸ் கிடையாது, அதுவரை இடது செருப்பு பின்சீட்டில்.