பாதிக் கட்டணக் கமிட்டி

துபாயில் எங்கள் தமிழ்ச் சங்கக் கமிட்டியில் பதினோரு பேர் இருந்தோம். கார்களும் பதினொன்று. முதியவர்களுக்கும் ஊனமுற்றவர்களுக்கும் பஸ் கட்டணத்தில் பாதியைச் சங்கமே கொடுப்பது என்று தீர்மானம் போட்ட அன்று, தலைவர், "இப்ப பஸ் டிக்கெட் எவ்வளவுப்பா?" என்று கேட்டார். ஒருவருக்கும் தெரியவில்லை. அந்த ஊரில் ஒரு தடவையாவது பஸ் ஏறியவர் எங்களில் யாருமில்லை. கடைசியில், எங்களுக்கு மசால் தோசை கொண்டுவந்து வைத்த சர்வர்தான் சொன்னார். செயலாளர் என்ற முறையில் அதை மினிட்ஸில் எழுதிக்கொண்டேன்.

நன்கொடை குவிந்தது. மைக்கில் பெயர் வாசிப்பார்கள் என்றால் நம்மவர்களுக்குக் கை தாராளம். ஆனால் முதியவர்கள் யாரும் விண்ணப்பிக்கவில்லை. விசிட் விசாவில் வந்திருந்த அப்பா அம்மாவைப் பஸ்ஸில் அனுப்பினால் நம் கௌரவம் என்ன ஆவது? இரண்டு மாதத்தில் ஒரே ஒரு விண்ணப்பம் வந்தது.

அவர் பெரம்பலூர் பக்கத்துக்காரர். ஜெபல் அலியில் ஒரு யார்டில் இரும்புக் குழாய் உருண்டு, இடது கால் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது. செயற்கைக் கால் பொருத்தியிருந்தார்கள். அதில் நடக்கப் பழக, வாரம் இரண்டு நாள் சாயங்காலம் அல் கூஸ் தொழிலாளர் கேம்ப்பிலிருந்து ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். கம்பெனி வண்டி டூட்டிக்குப் போகிறவர்களுக்கு மட்டும்தான். விசா முடிய மூன்று மாதம்கூட இல்லை.

"கால் போனத பொண்ணுகிட்ட இன்னும் சொல்லலைங்க சார். ஏழு வயசுதான் ஆவுது. ஏர்போர்ட்டுக்கு வரும். அது கண்ணு முன்னால நடந்து வெளிய வந்துரணும், அவ்வளவுதான்."

இதைக் கேட்டுத் தலைவர் கண் கலங்கினார். கலங்கிய கண்ணைத் துடைத்துக்கொண்டே, டிக்கெட்டுகளை வெள்ளைத் தாளில் வரிசையாக ஒட்டி, தேதி போட்டு, கேம்ப் மேனேஜரிடம் கையெழுத்து வாங்கி மாதக் கடைசியில் கொண்டுவந்தால் பாதிப் பணம் கிடைக்கும் என்றார். ஆபீஸில் தன் பெட்ரோல் பில்லை அவர் அப்படித்தான் கொடுத்துப் பழக்கம்.

அதற்கு முன்னால் விழா எடுக்க வேண்டுமே. நட்சத்திர ஹோட்டல், ஊரிலிருந்து வரவழைத்த பட்டிமன்றப் பேச்சாளர், பொன்னாடை எல்லாம் ஏற்பாடாயிற்று. பயனாளிகளுக்கென்று அட்டை அச்சடித்திருந்தோம்; முதல் அட்டையை மேடையில் அந்தப் பெரம்பலூர்க்காரர் வாங்கிக்கொள்ள வேண்டும்.

"வியாழக்கிழமை சாயங்காலம் ஆஸ்பத்திரி இருக்குங்களே சார்," என்று இழுத்தார்.

"ஒரு நாள் போகலைன்னா ஒண்ணும் குடிமுழுகிப் போகாது," என்றேன். சொன்னது நான்தான், தலைவர் இல்லை.

வந்தார். அந்த ஹோட்டல் பக்கம் பஸ்ஸே கிடையாது, டாக்ஸி பிடித்து வந்தார். பஸ் கட்டணத்துக்கு உதவி வாங்க வந்த மனிதர் அவர்! மேடைக்கு எட்டுப் படி. இரண்டு பேர் கையைப் பிடித்துத் தூக்கிவிட்டார்கள். போட்டோவில் அது நன்றாக விழுந்திருந்தது. நன்றியுரையில் பூ கட்டியவர் பெயர்கூட வந்தது, இவர் பெயர்தான் விட்டுப்போயிற்று.

திரும்பும்போது என் காரில் ஏற்றிக்கொண்டேன். ஊன்றுகோலைப் பின் சீட்டில் போட்டோம்.

"காசு பெரிய கஷ்டம் இல்லைங்க சார்," என்றார். "சாயங்காலம் பஸ்ல ஏறவே முடியல. முன் சீட்டெல்லாம் லேடீஸ். பின்னால நெரிசல்ல இந்தக் கால வச்சுகிட்டு நிக்க முடியல. பாதி நாளு ஸ்டாப்போட திரும்பிருவேன்."

அல் கூஸ் திருப்பத்தில், "சாருக்கு ஆபீஸ் எங்கங்க?" என்று கேட்டார்.

"ஜெபல் அலி."

"வீடு?"

"கராமா. உங்க ஆஸ்பத்திரிக்கு அடுத்த தெரு."

"அப்ப டெய்லி இந்த ரோட்லதான் போறீங்க."

"ஆமா," என்றேன்.

அவர் அதற்கு மேல் கேட்கவில்லை. நானும் வாயைத் திறக்கவில்லை. திறந்திருந்தால் வாரம் இரண்டு நாள் கேம்ப்புக்குள் வண்டியைத் திருப்ப வேண்டியிருந்திருக்கும். அதற்குச் சோம்பல்பட்டேன். வேறு காரணம் எதுவுமில்லை. 'பயனாளி மகிழ்ச்சி தெரிவித்தார்' என்று மறுநாள் மினிட்ஸில் எழுதினேன்.

விசா முடிந்து அவர் கிளம்பிய அன்று, ஏர்போர்ட்டுக்கு மட்டும் மறக்காமல் கூட்டிப்போனேன். கவுண்டரில் பெட்டியைத் தூக்கி வைத்துவிட்டுத் திரும்பினேன். அவர் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

"ஒரு வீல்சேர் சொல்லிருங்க சார். இங்கயும், திருச்சியிலயும்."