கவசத்துக்கு வைத்த பொட்டு

மகள் வாங்கிய புதுக் காருக்கு நான் சந்தனம் குழைத்துக்கொண்டு போனதும் அவள் குறுக்கே வந்து நின்றாள். "அப்பா, பெயின்ற் பழுதாகும்." ஒரு பொட்டுக்குப் பழுதாகிற காரை ஜெர்மன்காரன் செய்யமாட்டான் என்று சொல்லிப் பார்த்தேன். எடுபடவில்லை. கிண்ணத்தோடு வாசலுக்கும் காருக்குமாக நடந்ததில், அந்த வாசம் என்னைப் பழைய வேலையிடத்துக்கு இழுத்துப் போய்விட்டது.

ஜெர்மனியில் டோர்ட்மண்டுக்கு வந்த புதிதில் ஒரு அருங்காட்சியகத்தில் கூட்டித் துடைக்கும் வேலை. கூட்டாளி குணம் அண்ணை. வேலை நிரந்தரமானால்தான் அவர் ஊரிலிருக்கும் மனைவியைக் கூப்பிட அன்ட்ராக் என்கிற விண்ணப்பம் போடலாம். ஆயுத பூசை வந்த வாரம்தான் முடிவு சொல்வதாக இருந்தார்கள். மனுஷன் ஓரிடத்தில் நிற்கமாட்டார். துடைத்த தரையையே திரும்பத் துடைப்பார்.

அங்கே இந்தியாவிலிருந்து வந்த உருக்குக் கவசம் ஒன்று. மார்புக்கு, முதுகுக்கு, இரண்டு விலாவுக்கு என்று நாலு தகடு. பாரசீகக்காரர் வைத்த பெயரே 'நாலு கண்ணாடி'. உருக்கில் பொன்கம்பி பதித்துக் கொடியும் பூவும். குத்துவாங்கப் போகிறவனுக்கு இவ்வளவு அலங்காரம் எதற்கென்று யோசிப்பேன். பிறகு, இந்த வேலை கேட்டுப் போனபோது நான் கட்டியிருந்த இரவல் டை ஞாபகம் வரும்.

ஆயுத பூசையன்று, படமெடுப்பதற்காக அந்தக் கவசத்தை மேசையில் எடுத்து வைத்திருந்தார்கள். வாளிக்கும் விளக்குமாற்றுக்கும் சந்தனமும் குங்குமமும் வைத்த அண்ணை, போகிற போக்கில் மார்புத் தகட்டுக்கும் ஒன்று வைத்துவிட்டார்.

"என்னண்ணை செய்தனீங்கள்? அது கவசம், ஆயுதமில்லை."

"அப்ப வாளி ஆயுதமோ?"

பதில் யோசிப்பதற்குள், பழம்பொருள்களைப் பராமரிக்கும் அம்மா வந்துவிட்டார். அவர் முகம் வெளுத்தது. எனக்கு அப்போது ஜெர்மனில் ஒழுங்காகத் தெரிந்தது மன்னிப்புக் கேட்பதுதான். அதை இறந்தகாலம், நிகழ்காலம், எதிர்காலம் மூன்றிலும் கேட்டேன். அவர் லென்ஸை எடுத்துக் குனிந்தார், நெடுநேரம் நிமிரவில்லை. பொன்பூக்களின் இடுக்கில், அண்ணையின் விரல் போகாத மூலைகளிலெல்லாம், இறுகிக் கறுத்த குங்குமம். எந்த ஆயுதசாலையிலோ எந்தக் காலத்திலோ யாரோ வைத்தது.

"அது நான் வைச்சதில்லையெண்டு சொல்லும்," என்றார் அண்ணை, என் சட்டையை இழுத்துக்கொண்டு.

அந்த அம்மா ஈரப் பொட்டை மட்டும் பஞ்சால் ஒற்றியெடுத்தார். பழையதைத் தொடவில்லை. மேலிடத்துக்கும் ஒன்றும் சொல்லவில்லை. வேலை நிரந்தரமாகி, மனைவியும் வந்துசேர்ந்தார். ஜெர்மன் பாஸ்போட் கிடைத்த கையோடு இரண்டுபேரும் லண்டனுக்குப் போய்விட்டார்கள். எங்கள் ஆட்களில் பாதிப்பேர் செய்வதுதான்.

மகள் மறித்த அன்றே, கிண்ணத்தை வைத்துவிட்டு அந்த அருங்காட்சியகத்துக்குப் போனேன். கவசம் புதுப் பெட்டிக்குள், புது வெளிச்சத்தில். பெட்டிக் கண்ணாடியில் மூக்கு முட்டப் பழைய குங்குமத்தைத் தேடினேன். நன்றாகச் சுத்தம் செய்திருக்கிறார்கள். இடுக்கெல்லாம் பளிச்சென்றிருந்தது, ஒரு பொடிச் சிவப்பில்லை. மார்புத் தகட்டில் என் முகம் தெரிந்தது. விரலில் சந்தனம் காய்ந்து கிடந்தது. காவலாளி என் கையையே பார்த்துக்கொண்டு நின்றான்.