கல்யாணப் போட்டோவில் இருந்த மூக்கு

பிணவறையில் அவரைப் பொம்மைக்காரர் என்றால்தான் தெரியும். துணிக்கடையில் சட்டை மாட்டி நிறுத்தும் பொம்மைகளுக்கு ஒரு காலத்தில் முகம் செய்துகொண்டிருந்தவர். பிறகு கடைக்காரர்கள் தலையே இல்லாத பொம்மைகளை வாங்க ஆரம்பித்தார்கள். தலை இல்லாவிட்டாலும் சட்டை விற்கிறது என்று கண்டுபிடித்துவிட்டார்களாம். பிழைப்பில் மண் விழுந்தது. ஆஸ்பத்திரிக்குப் பின்னால் இருக்கும் இந்த அறைக்கு ஆள் தேடுகிறார்கள் என்று யாரோ சொல்ல, வந்து சேர்ந்தார். ஆரம்பத்தில் அவர் மனைவி அவர் கையால் ஒரு டம்ளர் தண்ணீர்கூட வாங்கிக் குடிக்கவில்லை. அப்புறம் பழகிவிட்டது. பழகாமல் என்ன செய்வாள்?

வேலை, சொல்வதற்கு எளிது. விபத்தில் சிதைந்த முகத்தைக் கழுவி, உள்ளே பஞ்சு அடைத்து, தைத்து, மேலே மெழுகு பூசி, நிறம் கொடுத்து, சொந்தக்காரர்கள் பார்க்கும்படி ஆக்க வேண்டும். அதற்குப் போட்டோ வேண்டும். தலைவலி அங்கேதான். சனங்கள் கொண்டுவரும் போட்டோக்களைப் பார்த்தால் கிழவராகி யாருமே சாகவில்லை என்று தோன்றும். பொக்கை வாய்ப் பெரியவருக்கு, மீசையை முறுக்கிக்கொண்டு மோட்டார் சைக்கிளில் உட்கார்ந்திருக்கும் போட்டோ வரும். பொம்மைக்காரர் கறாராகத் திருப்பி அனுப்பிவிடுவார். வீட்டார் கடைசியாகப் பார்த்த முகம்தான் முகம், மற்றதெல்லாம் வேஷம் என்பது அவர் கட்சி. அதில் அவருக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

அன்று வந்தவள் லாரியில் அடிபட்ட பெண். அவள் புருஷன் கல்யாணப் போட்டோவைச் சட்டமும் கண்ணாடியுமாகத் தூக்கிக்கொண்டு வந்திருந்தார். மெதுவான பேச்சு, அழுது சிவந்த கண்கள். சமீபத்தில் எடுத்தது ஒன்றும் இல்லையா என்று கேட்டதற்கு, அவளுக்குப் போட்டோவே பிடிக்காது என்றார்.

பொம்மைக்காரர் விளக்கைக் கிட்டே இழுத்தார். லாரி இடித்தது வலது கன்னத்திலும் தாடையிலும். மூக்குக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் மூக்கு கோணலாக இருந்தது. எப்போதோ உடைந்து, வைத்தியம் பார்க்காமல் தானாகக் கூடிய எலும்பு. இடது புருவத்தை வெட்டிக்கொண்டு ஒரு பழைய தழும்பு. கீழுதட்டில் இன்னொன்று. லாரி அன்று காலையில்தான் இடித்தது. இவையெல்லாம் பல வருஷத்து வேலை. போட்டோவில் சிரித்தவளிடம் இவற்றில் ஒன்றுகூட இல்லை. யார் வேலை என்று அவருக்கு யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

கொஞ்ச நேரத்தில் இறந்தவளின் தங்கை வந்தாள். காலையில் புருஷன் வீட்டை விட்டு ஓடி, இவள் வீட்டுக்கு வரும் வழியில்தான் அக்கா லாரியைப் பார்க்காமல் ரோட்டில் இறங்கினாள் என்றாள். மூக்கைப் பற்றிக் கேட்டவர்களிடமெல்லாம் குளியலறையில் வழுக்கி விழுந்ததாக அக்கா சொல்வாளாம். கேட்டவர்களும் தலையை ஆட்டிவிட்டுப் போவார்களாம். தன் போனில் இருந்த படத்தைக் காட்டினாள். போன மாதம் எடுத்தது. கோணல் மூக்கும் தழும்புமாக ஒருத்தி பாத்திரம் துலக்கிக்கொண்டே திரும்பிப் பார்த்தாள்.

"அக்கா இப்படித்தான் இருந்தா. மூக்கத் தொடாதீங்க. நாளைக்கு எல்லாரும் வருவாங்க. ஒரு தடவையாவது நல்லாப் பாக்கட்டும்."

பார்க்கலாம் என்றார் பொம்மைக்காரர். மேலதிகாரியிடம் போனார். புருஷன் கேட்பதைச் செய்து கொடுங்கள், நமக்கு எதற்கு வம்பு என்று அவர் கையைக் கழுவிக்கொண்டார். திரும்பி வந்தபோது புருஷனே கதவருகில் நின்றிருந்தார்.

"அந்த மூக்கு மட்டும் கொஞ்சம், போட்டோல இருக்கற மாதிரி."

"லாரி மூக்க ஒண்ணும் பண்ணலீங்களே."

புருஷன் தரையைப் பார்த்தார். "பாக்க நல்லா இருக்கட்டுமே."

அந்த இடத்தில் முடியாது என்று சொல்லியிருக்கலாம். எத்தனையோ பேரிடம் சொன்னவர்தானே. மீசைக்காரப் போட்டோக்களைத் திருப்பி அனுப்பிய கறார், தேவைப்பட்ட நேரத்தில் எங்கே போய் ஒளிந்துகொண்டதோ. சரி என்று தலையை ஆட்டினார். கூடிப்போன எலும்பை நேராக்க ஒரே வழிதான் உண்டு. அவள் மூக்கை அவர் இன்னொரு தடவை உடைத்தார். பிறகு மெழுகு, புருவத்துக்கு முடி, உதட்டுக்கு நிறம். கை பழக்கதோஷத்தில் வேலை அருமையாக அமைந்துவிட்டது. நடுவில் ஒரு தடவை தள்ளி நின்று பார்த்துத் தனக்குத்தானே மெச்சிக்கொண்டார் என்பதுதான் வயிற்றெரிச்சல்.

மறுநாள் வந்தவர்கள் வரிசையாகப் பார்த்தார்கள். கல்யாணத்தன்று பார்த்த மாதிரியே இருக்கிறாள் என்றார்கள். ஒரு பெண்மணி பக்கத்திலிருந்தவளிடம், "கண்ணுக்குள்ள வெச்சுப் பாத்துக்கிட்டாரு. மொகத்துல ஒரு கீறல் இருக்கா பாரு" என்றாள். புருஷன் தேம்பித் தேம்பி அழுதார். நாலு பேர் தாங்கிப் பிடித்துக்கொண்டார்கள்.

தங்கை அக்காவின் முகத்தை ஒரு நிமிஷம் பார்த்தாள். பிறகு உள்ளே வந்து, பொம்மைக்காரர் கருவிகளைத் துடைத்துக்கொண்டிருந்த மேஜைக்கு எதிரே நின்றாள். திட்டுவாள் என்று அவர் காத்திருந்தார், திட்டியிருந்தால் தேவலை.

"அவங்க குடும்ப விஷயம்மா," என்றார் அவராகவே. "இதுல நான் என்ன பண்ண முடியும்?"

"நாங்களும் இதையேதான் சொல்லிட்டிருந்தோம்," என்றாள் அவள். "எங்கம்மா, எங்கப்பா, பக்கத்து வீட்டுக்காரங்க. நானும்தான். அவ உயிரோட இருந்த வரைக்கும்."

வெளியே புருஷனை நாற்காலியில் உட்காரவைத்து யாரோ விசிறிக்கொண்டிருந்தார்கள்.